சுவரின் நடுவே ஓர் ஆலயம்



பங்கு மக்கள் தம் ஆலயக் கோபுரத்தை நாள்தோறும் காண்கின்றனர். ஆனால் அதன் வாயிற்படியை மிதிக்க அவர்களுக்கு வழியில்லை. பெர்லின் மாநகரின் பெர்னாவர் வீதியில் நின்ற ஆலயத்திற்கு நேர்ந்த அவலம் இது. அதன் பெயரோ, ஒப்புரவு ஆலயம்!

நம் சீர்திருத்தச் சபைச் சகோதரர் செங்கல்லால் எழுப்பிய அவ்வாலயம் 1894 ஆகஸ்டு 28ஆம் நாள் இறைவனுக்கு நேர்ந்தளிக்கப்பட்டது. 75 மீட்டர் உயர்ந்த கோபுரம். ஏறத்தாழ 1000 பேர் அமரும் இடம். இரண்டாம் உலகப் போரில் சேதமுற்ற அதனை மக்கள் செப்பனிட்டு, 1950இல் மீண்டும் திறந்தனர். ஆயினும் போரின் முடிவில் நகரம் கூறுபோடப்பட்டபோது, ஆலயம் சோவியத் பகுதியிலும், பங்கு மக்களுள் பெரும்பாலோரின் இல்லங்கள் பிரெஞ்சுப் பகுதியிலும் அமைந்துவிட்டன.

1961 ஆகஸ்டு 13 அன்று எல்லை அடைக்கப்பட்டது. ஆலய முகப்பின் எதிரே சுவர் எழுந்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஆலயம் மூடப்பட்டது. மணியோசை எழுப்பிய கோபுரம் எல்லைக் காவலரின் காவல் மேடையாயிற்று. 23 ஆண்டுகளுக்குப் பின், எல்லைப் பாதுகாப்பைக் காரணம் காட்டிக் கிழக்கு ஜெர்மானிய அரசு அதனை வெடிவைத்துத் தகர்த்தது. 1985 ஜனவரி 22 அன்று ஆலயக் கூடம் வீழ்ந்தது. 28 அன்று கோபுரமும் சாய்ந்தது. விழுந்து வளைந்த சிலுவையை அருகிலிருந்த கல்லறைத் தோட்டப் பணியாளர்கள் மறைத்துக் காத்தனர்.

ஐந்தாண்டுகூட நிறையவில்லை, 1989 நவம்பர் 9 அன்று சுவர் திறந்தது!

நிலம் மீண்டும் பங்கின் கைக்கு வந்தபோது, மக்கள் கான்கிரீட்டை ஏற்க மறுத்தனர். தம்மைப் பிரித்த சுவர் கான்கிரீட்டால் ஆனதன்றோ? பழைய ஆலயத்தின் உடைந்த செங்கற்களைக் களிமண்ணோடு கலந்து, அடித்து இறுக்கிச் சுவர் எழுப்பினர். அச்சிற்றாலயம் 2000 நவம்பர் 9 அன்று நேர்ந்தளிக்கப்பட்டது. தப்பிய மணிகள் அதனருகே மரச்சட்டத்தில் தொங்குகின்றன. சுவரைக் கடக்க முயன்று மாண்டோரின் வாழ்க்கை வரலாறுகள் அங்கே வாசிக்கப்படுகின்றன.

பங்குப் பணியில் அடியேன் சந்திக்கும் இல்லங்கள் சில நினைவுக்கு வருகின்றன. ஒரே முற்றத்தின் நடுவே சுவரெழுப்பிய அண்ணன் தம்பியர். தாயின் அடக்கத்தன்றும் பேசாத உடன்பிறந்தோர். சமரசம் பேசச் செல்வோர், "நடந்ததை மறந்துவிடுங்கள்" என்பர். அடியேனும் அவ்வாறு கூறியதுண்டு, அது பலித்ததில்லை. பெர்லின் மக்கள் இடிபாடுகளை மறைக்கவில்லை. எண்ணி எடுத்து, புதிய சுவருக்குள்ளேயே வைத்தனர். உடைந்ததை உடைந்தது என ஒப்புக்கொள்வதே ஒப்புரவின் முதற்படி.

உங்கள் முற்றத்தில் சுவர் உண்டோ? இடிந்த செங்கல் ஒன்றைக் கையிலெடுங்கள். இது என்னால் உடைந்தது என்று முதலில் சொல்லுங்கள்.