உள்ளிருப்பவரின் அதிகாரம்

கணிப்பொறிக் குறைகளைத் தரம் பிரிப்போர், தொலைவிலிருந்து நுழைய இடந்தரும் குறையை முதல் வரிசையிலும், முன்னரே கணக்குடைய ஒருவர் தம் அதிகாரத்தை உயர்த்திக்கொள்ள இடந்தரும் குறையை அடுத்த வரிசையிலும் வைப்பது வழக்கம். பலர் ஒரே கணிப்பொறியைப் பகிர்ந்துகொள்ளும் பள்ளிக்கும் களநிலையத்துக்கும் இவ்வரிசை பொருந்தாது. அங்கே ஒவ்வொரு மாணவரும், ஒவ்வொரு தற்காலிக ஊழியரும் ஏற்கெனவே உள்ளே இருப்பவரே.

2022 ஜனவரி 25ஆம் நாள் குவாலிஸ் நிறுவனத்தார் வெளிப்படுத்திய ‘போன்கிட்’ குறை இதற்கு நல்ல சான்று. லினக்ஸில் பேரதிகாரக் கணக்கு ‘ரூட்’ எனப்படும். சாதாரணப் பயனருக்கும் சிற்சில வேளைகளில் அவ்வதிகாரம் தேவைப்படுகிறது. தம் கடவுச்சொல்லை மாற்றுவதற்குக்கூட அஃது இன்றியமையாதது. ஆகவே பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டென்னிஸ் ரிச்சி ஒரு முறையை வகுத்தார். ‘செட்யுஐடி’ குறி பெற்ற நிரலை யார் இயக்கினும், அது தன் உரிமையாளரின் அதிகாரத்துடனேயே இயங்கும். ‘பிகேஎக்ஸெக்’ இவ்வகை நிரல்.

எந்த நிரலும் தொடங்குகையில் ஒரு சொற்பட்டியலைப் பெறும். முதற்சொல் பெரும்பாலும் நிரலின் பெயரே. அப்பெயரேனும் இருந்தே தீரும் என்று கருதி, பிகேஎக்ஸெக் இரண்டாம் இடத்திலிருந்து படிக்கத் தொடங்கிற்று. வெற்றுப் பட்டியலைக் கொடுத்தாலோ, அது எல்லையைக் கடந்து, நினைவகத்தில் அடுத்திருக்கும் சூழல் மாறிகளைப் படித்தது. படித்ததோடு நில்லாமல் அவ்விடத்தில் எழுதியும் விட்டது. அபாயமான சூழல் மாறிகளை இத்தகைய நிரல் தொடங்கும்போதே இயங்குதளம் களைந்துவிடும். களைந்த பின்னர் உள்ளே எழுதப்படுவதைத் தடுப்பார் இல்லை. வாயிற்காவலர் சோதனை முடித்த பிறகு மதிலின் உட்புறத்தே கத்தி கைமாறுவது போன்றது இது. தாக்குவோர் எழுதிய நிரற்பகுதி ரூட் அதிகாரத்துடன் இயங்கிவிடும்.

2009 மே மாதத்திலிருந்தே இக்குறை இருந்தது. உபுண்டு, டெபியன், ஃபெடோரா, சென்ட்ஓஎஸ் ஆகியவற்றின் இயல்பான நிறுவலிலேயே இது பலித்தது. வெற்றுப் பட்டியலை லினக்ஸ் கரு ஏற்பது முறையன்று என்னும் கருத்து 2008லேயே முன்வைக்கப்பட்டது, உடன்பாடு ஏற்படவில்லை. ஓபன்பிஎஸ்டி அதனை ஏற்க மறுத்தமையால் தப்பிற்று. லினக்ஸ் கரு 2022இல் 5.18ஆம் பதிப்பில்தான் திருந்தியது. எவருக்கும் உண்மையில் பயன்படாத ஒரு சலுகையைப் பதினான்கு ஆண்டுகள் விட்டுவைத்தது பொறுமையன்று, அசட்டையே.

சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ டெபியனையும், கேரளப் பள்ளிகளின் இயங்குதளம் உபுண்டுவையும் அடிப்படையாகக் கொண்டவை. மூலத்தில் திருத்தம் வந்துவிட்டது என்பதால் மேசைமேல் உள்ள கணிப்பொறி திருந்திவிடாது. இணைய வசதி குன்றிய ஊர்களில் இவ்விடைவெளி மாதக்கணக்கில் நீளக்கூடும். அதுவரை பிகேஎக்ஸெக்கின் செட்யுஐடி குறியை நீக்கிவைக்குமாறு குவாலிஸ் அன்று கூறிற்று. ஒரே வரிக் கட்டளை போதும். இக்குறியுள்ள கோப்புகள் அனைத்தையும் ‘ஃபைண்ட்’ கட்டளை பட்டியலிட்டுத் தரும். ஆண்டுக்கொரு முறை அப்பட்டியலை, கணிப்பொறி அறிந்த ஒருவர் துணையுடன் படித்து, தேவையற்றவற்றின் குறியை நீக்குவது ஒரு பிற்பகலில் முடியும் வேலை.