விளையாட்டு நின்றால் வினா எழ வேண்டும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணினி அறிவியல்)

கணினி விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டவுடனே முகம் சுளிக்கும் பெரியோர் நம்மிடையே பலர் உளர். அவர்கள் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025ஆம் ஆண்டு மையச் சட்டம் தடை செய்தபோது வரவேற்றவர்களில் நானும் ஒருவன். ஆனால் நான் இங்கே எழுத விழைவது விளையாடலாமா கூடாதா என்பதைப் பற்றியன்று. ஆடிக்கொண்டிருக்கும்போதே ஆட்டம் பட்டென்று அணைந்து போகிறதே, அதைப் பற்றி.

மாலை வேளையில் எங்கள் கீழ்புத்துப்பட்டில் அலைவரிசை நன்றாகக் கிடைக்கும் இடங்கள் இரண்டு மூன்றுதான். அங்கே கைப்பேசியும் கையுமாகப் பத்து இளைஞர்களையாவது காணலாம். ஒருவனுக்கு ஆட்டம் அணைந்துவிட்டால் வைத்தியம் சொல்ல ஐந்து பேர் முன்வருவர். அணைத்துப் போடு என்பான் ஒருவன். செயலியை நீக்கிவிட்டு மறுபடி ஏற்று என்பான் இன்னொருவன். ஈரத்துணியில் வை என்பவனும் உண்டு. இவை அனைத்தையும் ஒரே மூச்சில் செய்து, ஆட்டம் ஓடிவிட்டால், எதனால் ஓடியது? யாருக்கும் தெரியாது. மறுநாள் மீண்டும் அணையும். மீண்டும் அதே சடங்குகள்.

பதினோராம் வகுப்பில் தனி ஊசல் சோதனை செய்தோமே, நண்பர்களே! நீளத்தை மாற்றும்போது குண்டையும் சேர்த்தா மாற்றினோம்? ஏட்டில் எழுதியதை வாழ்வில் ஏன் மறந்தோம்?

உப்பளத்தில் வேலை செய்யும் என் தந்தையார் பள்ளிப்படிப்பை முடித்தவர் அல்லர். ஆயினும் பாத்தியில் உப்பு விளையவில்லை என்றால் வரப்பை வெட்டி, நீரை மாற்றி எல்லாவற்றையும் ஒருசேரக் குழப்ப மாட்டார். முதலில் நீரின் அடர்த்தியைப் பார்ப்பார். போமே அளவில் ஏறக்குறைய 25 பாகையை எட்டினால்தான் உப்பு படியத் தொடங்கும். 30ஐ நெருங்கினால் கசப்பு உப்புகளும் கலந்துவிடும். அடர்த்தி சரியாக இருந்தால் அடுத்து வரப்பில் கசிவு உண்டா என்று நடந்து பார்ப்பார். ஒன்றன்பின் ஒன்று. இதைவிடப் பெரிய அறிவியல் முறை எந்தப் பாடநூலிலும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

விளையாட்டுக்கும் இதே முறைதான். முதல் கேள்வி: பக்கத்தில் ஆடுகிறவனுக்கும் நின்றதா? எல்லோருக்கும் ஒரே நொடியில் நின்றால் கோளாறு பெரும்பாலும் வலையமைப்பிலோ தொலைவில் உள்ள சர்வரிலோ இருக்கும். உன் கைப்பேசியை ஈரத்துணியில் வைத்துப் பயனில்லை. உனக்கு மட்டும் என்றால் கருவியைப் பார். சூடு மிகுந்தால் ஆட்டம் பொதுவாக முதலில் மந்தமாகும். எந்த அறிவிப்பும் இன்றித் திரை மறைந்தால் நினைவகத்தை ஐயுற வேண்டும். இடம் போதாதபோது ஆண்ட்ராய்டு தானே செயலிகளைக் கொன்றுவிடும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அணைந்தால் கோப்பு பழுதாகியிருக்கலாம், அல்லது நிரல் எழுதியவரின் பிழையாக இருக்கலாம்.

இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் என் நண்பனின் 2 ஜிபி கைப்பேசியில் இப்படித்தான் தேடினோம். பிற செயலிகளை மூடினோம், மாற்றமில்லை. அதன்பின் படத்தின் தரத்தை மட்டும் குறைத்தோம். நின்றது நிற்கவில்லை, ஓடியது! இரண்டு மாலைகள் ஆயின. அவ்விரண்டு மாலைகளில் நினைவகம் பற்றி நாங்கள் கற்றது ஒரு பருவத் தேர்வுக்கு மனப்பாடம் செய்ததைக் காட்டிலும் அதிகம்.

உலக அளவிலும் சான்றுகள் உண்டு. 2007 டிசம்பரில் ஐஸ்லாந்து நாட்டின் ‘ஈவ் ஆன்லைன்’ விளையாட்டு வெளியிட்ட புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பி துவங்குவதற்கு வேண்டிய ‘பூட்.ஐஎன்ஐ’ என்ற கோப்பையே அழித்துவிட்டது. விளையாட்டிலும் அதே பெயரில் ஒரு கோப்பு இருந்ததே காரணம். பலருடைய கணினிகள் எழவே இல்லை. நிறுவனம் நடந்ததை மறைக்காமல் விளக்கி எழுதியது. ‘ஜிடிஏ ஆன்லைன்’ கதை வேறு வகை. அது 2013இல் வந்தது. ஆட்டம் துவங்கவே பல நிமிடங்கள் ஆகும். இது அணைதல் அன்று, தாமதம்தான். எனினும் முறை ஒன்றே. 2021இல் புனைபெயர் கொண்ட ஓர் ஆர்வலர் பொறுமையாக அளந்து பார்த்தார். ஏறத்தாழ 63,000 பொருள்கள் அடங்கிய 10 எம்பி பட்டியலை, ஒவ்வொரு பொருளுக்கும் கடைசிவரை எண்ணி எண்ணிப் படித்துக்கொண்டிருந்தது நிரல். அவர் திருத்தியபின் ஆறு நிமிடம் இரண்டு நிமிடத்துக்கும் கீழே இறங்கியது. நிறுவனம் அவருக்குப் பத்தாயிரம் டாலர் வழங்கியது. நிறுவனத்தார் ஏழாண்டுகள் காணாததை வெளியாள் ஒருவர் கண்டார் என்பது நம் போன்றோருக்கு எத்துணை ஊக்கம்!

இதில் என்ன பெரிய காரியம் இருக்கிறது, விளையாட்டுத்தானே என்று கேட்பீர்கள். எங்கள் தெருப்பெண் ஒருத்தி உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பித்தாள். சான்றிதழை ஏற்றியதும் பக்கம் நின்றுவிட்டது. ‘ஏதோ தவறு நேர்ந்துவிட்டது’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அவ்வளவே. மூன்று நாள் கணினி மையத்துக்கு நடந்தாள். துணைக்குப் போன அவள் தாய்க்கு மூன்று நாள் உப்பளக் கூலி போயிற்று. படத்தின் அளவு கூடிவிட்டது என்பதே கோளாறு. அதை ஒரு வரித் தமிழில் சொல்லியிருக்கக் கூடாதா? அந்தத் தாய், “நம்ம பொண்ணுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியல” என்று கூறியதை என்னால் மறக்க முடியவில்லை. வீட்டில் பொறியாளர் இருப்போர் அவரைக் கேட்டுக்கொள்வர். முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதித்த எங்களுக்கு, திரையில் தோன்றும் அந்த ஒரு வரிதான் ஆசான். அதுவே வாய் மூடி நின்றால்?

பிழைச்செய்தி தமிழில் இருக்க வேண்டும்; காரணத்தையும் சொல்ல வேண்டும். அரசுப் பக்கங்களில் இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. நம் ஆய்வகத்திலும் ஒரு மாற்றம் தேவை. சரியாக ஓடும் நிரலைப் பார்த்து எழுதி, ரெக்கார்டு நோட்டில் ஒட்டிக் கையொப்பம் வாங்குகிறோம். அதற்குப் பதிலாக, வேண்டுமென்றே பழுதாக்கிய பத்து நிரல்களைத் தந்து எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கச் சொல்லட்டும். கண்ட வழியை எழுதுவதற்கும் மதிப்பெண் தரட்டும். எங்கள் வகுப்பு மாணவர்கள் சிலர் கையொப்பமிட்டுத் துறைத்தலைவர் ஐயா அவர்களிடம் மனு கொடுத்துள்ளோம். முதல் பத்துப் பழுது நிரல்களை நாங்களே தயாரித்துத் தரவும் ஆயத்தமாக உள்ளோம்.