வாரன்ட்டி கார்டில் வண்டி ஓடாது

விருத்தாசலத்தில் பீங்கான் வாங்குபவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஃபியூஸ் கேரியரோ, ஊறுகாய் ஜாடியோ, கையில் எடுத்ததும் விரலை மடக்கி ஒரு தட்டு. 'டிங்'கென்று கேட்டால் நல்ல சரக்கு. 'டொக்'கென்றால் உள்ளே எங்கேயோ கீறல், அப்படியே கீழே வைத்துவிடுவார்கள். 1,200 டிகிரிக்கு மேல் வெந்து வந்த சாமானையே நம்பாத ஊர் இது!

அதே ஊரில், பாலக்கரைப் பக்கம் ஒரு பேட்டரிக் கடை. டிராக்டருக்கு பேட்டரி வாங்க வந்த பெரியவர் கேட்ட ஒரே கேள்வி: "எத்தினி மாசம் வாரன்ட்டி தம்பி?"

"முப்பத்தாறு மாசம் பெரியப்பா. கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க."

பெரியவர் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்துக்கொண்டு போனார். ஏழாயிரம் ரூபாய்! ஒரு தட்டு கிடையாது.

நான் பி.காம். படித்தவன். பேட்டரிக்குள் இருக்கும் ரசாயனத்தைவிட அந்த கார்டுக்குள் இருக்கும் கணக்குதான் எனக்குச் சட்டென்று புரியும். அதனால் அதையே முதலில் சொல்கிறேன்.

36 மாதம் என்றால் 36 மாதமும் இலவசமாக மாற்றித் தருவார்கள் என்று நினைக்காதீர்கள். கார்டைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் பாதிக் காலம்தான் இலவசம். மீதிக் காலத்துக்கு 'ப்ரோ ரேட்டா'. அதாவது, புது பேட்டரி விலையில் இத்தனை சதவிகிதம் தள்ளுபடி. எந்த விலையில்? அங்கேதான் சூட்சுமம். தள்ளுபடி பொதுவாக எம்.ஆர்.பி.யில்தான். கடையில் யாராவது எம்.ஆர்.பி. கொடுத்து பேட்டரி வாங்குகிறார்களா?

ஒரு கணக்குக்காக வெச்சுக்குவோம். எம்.ஆர்.பி. 9,000. கடையில் பேரம் பேசினால் 7,000. முப்பதாவது மாதம் பேட்டரி படுத்துவிட்டது. கார்டுப்படி 25 சதவிகிதம் தள்ளுபடி. நீங்கள் கட்ட வேண்டியது 6,750. ஆஹா, 250 ரூபாய் மிச்சம் என்று சந்தோஷப்படாதீர்கள். வாரன்ட்டியில் மாற்றினால் பழைய பேட்டரி அவர்களுக்கே போய்விடும். வாரன்ட்டியே இல்லாமல் போய், பழசைக் கொடுத்து எக்ஸ்சேஞ்சில் 1,500 கழித்திருந்தால் 5,500 ரூபாயில் வேலை முடிந்திருக்கும். ஆக, வாரன்ட்டியைப் பயன்படுத்திக்கொண்ட புண்ணியத்துக்கு 1,250 ரூபாய் நஷ்டம்! எண்களை உங்கள் கார்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பல நேரம் விடை இதே பக்கம்தான் சாயும்.

இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். எல்லாம் கார்டிலேயே அச்சடித்திருக்கிறது, எறும்பு சைஸில். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களில் அதிக வாரன்ட்டி உள்ளதில் சரக்கும் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால், வாரன்ட்டி என்பது கம்பெனி தன் நஷ்டத்துக்குப் போட்டுக்கொண்ட எல்லைக்கோடு. உங்கள் வயலில் பேட்டரி எத்தனை நாள் உழைக்கும் என்ற ஜாதகம் அல்ல. தவிர, வாரன்ட்டி நீங்கள் வாங்கிய தேதியிலிருந்து ஆரம்பம். பேட்டரியின் ஆயுளோ, அதில் ஆசிட் ஊற்றிய நாளிலிருந்தே கரைய ஆரம்பித்துவிடுகிறது. ஆறு மாதம் சார்ஜ் ஏற்றாமல் கடை அலமாரியில் தூங்கிய பேட்டரியின் பிளேட்டில் ஈய சல்ஃபேட் கெட்டிப்பட ஆரம்பித்திருக்கும். சீல் பிரிக்காத புதுசு. ஆனால், பாதிக் கிழவன்!

அடுத்து 'சி.சி.ஏ.' இப்போது கடைக்காரர்கள் இதையும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். "அறுநூறு சி.சி.ஏ. சார், அடிச்சா ஒரே செல்ஃப்!" சி.சி.ஏ. என்பது கடுங்குளிரில் பேட்டரி எவ்வளவு கரன்ட் தள்ளும் என்ற கணக்கு. எந்தக் குளிரில்? மைனஸ் 18 டிகிரியில்! 'காசிக்கும் வீசம் கூட' என்று விருத்தகாசிக்குப் பெருமை சொல்வார்கள். சித்திரை வெயிலிலும் வீசம் கூடத்தான். மைனஸ் 18 டிகிரியில் ஸ்டார்ட் ஆகும் பெருமையை கனடாவில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பியிடம் சொல்லிக்கொள்ளலாம். நமக்கு வில்லன் வெயில். வெப்பம் பத்து டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் பொதுக் கணக்கு.

இரண்டாவது வில்லன் குலுக்கல். ரோட்டில் ஓடும் காரும், முந்திரிக்காட்டில் ஓடும் ஜீப்பும், சேற்றில் இறங்கும் டிராக்டரும் ஒன்றல்ல. குலுக்கக் குலுக்க பிளேட்டில் பூசியிருக்கும் மாவு உதிர்ந்து அடியில் சேரும். அது பிளேட்டைத் தொடும் உயரத்துக்கு வந்தால் ஷார்ட். ஒரு செல் காலி. ஆறு செல்லில் ஒன்று போனாலும் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி பத்து வோல்ட்டில் நொண்டும். இங்கிருந்து வெளியூர் போகும் பீங்கான் பொம்மை ஒன்றோடொன்று மோதாமல் இருக்க வைக்கோல் திணிக்கத் தெரிந்த நமக்கு, பேட்டரியை கிளாம்ப் போட்டு இறுக்கத் தெரிவதில்லை. எத்தனை டிராக்டரில் பார்த்துவிட்டேன்! கிளாம்ப் எப்போதோ தொலைந்திருக்கும். பழைய சைக்கிள் டியூபால் ஒரு கட்டு, இடுக்கில் ஒரு செங்கல் துண்டு. அப்புறம் கம்பெனியைத் திட்டி என்ன பிரயோஜனம்?

கிளாஸ் மேட் வைத்த 'ஏ.ஜி.எம்.' பேட்டரிகள் குலுக்கலைத் தாங்கும், உண்மை. பிளேட்டை அந்த மேட் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஆனால், விலை கூட. இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் அதுவும் வாடும். வருடத்தில் பாதி நாள் நிற்கிற டிராக்டருக்கு மூடி திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றக்கூடிய பழைய மாடலே போதும் என்பது என் கட்சி. ஊற்றுகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால். இல்லையென்றால் மெயின்டனன்ஸ் ஃப்ரீ வாங்கிக்கொண்டு கிளாம்ப்பையாவது இறுக்குங்கள்.

இவ்வளவு அலட்டல் ஒரு பேட்டரிக்கு எதற்கு என்று கேட்பீர்கள். காரில் பேட்டரி செத்தால் ஆட்டோ பிடித்துப் போய்விடலாம். அறுவடை சமயத்தில் வயலில் டிராக்டர் செல்ஃப் எடுக்காவிட்டால் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கீழே நின்றபடியே ஸ்பேனரை வைத்து ஸ்டார்ட்டர் மோட்டாரின் இரண்டு முனைகளையும் நேரடியாக ஷார்ட் செய்கிறார்கள். வண்டி கியரில் இருந்தால் செல்ஃப் அடிக்காமல் தடுக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் அந்த நிமிடத்தில் செல்லாக்காசு. பாதி உயிரோடு இருக்கும் பேட்டரி திடீரென்று வேகம் காட்டினால், வண்டி கிளம்பும். பின்சக்கரத்துக்கு முன்னால் நிற்பது நம் ஆள். உலகம் முழுக்க டிராக்டர் விபத்துகளில் இப்படி நசுங்கிச் செத்தவர்கள் உண்டு. "ஒரு தடவைதானே" என்று செய்வது இது.

அதனால், தட்டிப் பாருங்கள். இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு மல்ட்டிமீட்டர் கிடைக்கிறது. கடையிலேயே வைத்துப் பாருங்கள். முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். 12.4-க்குக் கீழே காட்டினால் அது அலமாரியில் அதிகம் தூங்கியது. வேறு கேளுங்கள். தயாரித்த தேதியைக் கேளுங்கள். குறியீடாக அச்சடித்திருப்பார்கள், கடைக்காரருக்குப் படிக்கத் தெரியும். "லோடு டெஸ்டர் இருக்கா?" என்று கேளுங்கள். டிராக்டர் கம்பெனி புத்தகத்தில் சொன்ன ஏ.எச்.சுக்குக் குறையக் கூடாது. ஒரே அளவில் இரண்டு பேட்டரி இருந்தால் தூக்கிப் பாருங்கள். பொதுவாக, கனமானதில் ஈயம் அதிகம். பழைய இரும்புக்கடைக்காரர் பேட்டரியை எடை போட்டு வாங்குகிறார். அவருக்குத் தெரிந்தது நமக்கு ஏன் தெரியக் கூடாது? வாங்கிய பிறகு, வண்டி நிற்கிற மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள்.

கடைசியாக, கடைக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்கும் அந்தக் கேள்வி: "பில் வேணுமா? இல்லாம வாங்குனா குறைச்சுத் தர்றேன்."

பில் இல்லையென்றால் அவ்வளவு பேசிய வாரன்ட்டியும் இல்லை. அது உங்கள் பாடு. ஆனால், பில் இல்லாத கடையில் நீங்கள் போட்டுவிட்டு வரும் பழைய பேட்டரி எங்கே போகிறது? அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். ஏதாவது ஊர்க்கோடியில் உடைத்து, ஆசிட்டை மண்ணில் ஊற்றி, ஈயத்தைத் திறந்தவெளியில் உருக்குவார்கள். செனகல் நாட்டில் தாக்கர் அருகே ஒரு குடியிருப்பில் இப்படிப் பழைய பேட்டரி உருக்கியதில் 2007-08-ல் 18 குழந்தைகள் செத்துப்போனார்கள். உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவரின் ரத்தத்தில் அளவுக்கு மீறி ஈயம் இருக்கிறது என்று 2020-ல் யுனிசெஃப் அறிக்கை சொன்னது. பழைய பேட்டரியைக் கடைக்காரர் திரும்பப் பெற வேண்டும் என்று 2001-லேயே இங்கே விதி போட்டார்கள். 2022-ல் புது விதி வந்து, பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் ஏற்றியது. விதி பில்லைத் தேடிக்கொண்டு வரும். பில் போடாத கடை அதன் கண்ணில் எப்படிப் படும்?

அந்தப் பெரியவரும் தன் பழைய பேட்டரியை அங்கேதான் போட்டுவிட்டுப் போனார். பில் வாங்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை.