மணிக்கூட்டில் எழுதியிருப்பது ஆருடைய பெயர்?

பழைய அமெரிக்க ஆளுயர மணிக்கூடு ஒன்று ஏலத்துக்கு வந்தால், வாங்க வந்தவர்கள் முதலில் பார்ப்பது முகப்பில் என்ன பெயர் எண்டுதான். பொஸ்டனுக்குப் பக்கத்தில், ரொக்ஸ்பரியில் பட்டறை வைத்திருந்த சைமன் வில்லார்டின் பெயர் என்றால் விலை எங்கேயோ போய்விடும். இந்தப் பெயர்ப் பைத்தியத்தோடு எங்களுக்கு உடன்பாடில்லை.

பெட்டியைத் திறந்து பாருங்கோ. விநாடிக்கு ஒருதரம் 'டிக்' எண்டு அடிக்கிற ஊசல் ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளம். மணிக்கூட்டை ஓட்டுகிற பாரக்குண்டுகள் எட்டு நாளும் மெல்ல மெல்லக் கீழிறங்க இடம் வேணும். அதனால்தான் இந்த உயரம். ('தாத்தா மணிக்கூடு' என்ற செல்லப்பெயர் 1876இல் ஹென்றி கிளே வேர்க் எழுதிய ஒரு பாட்டால் பரவியது. செய்தவர்களுக்கு அந்தப் பெயரே தெரியாது!) பெட்டியைச் செய்தது தளபாடத் தச்சர். பூ வரைந்த வெள்ளை முகப்பு பலநேரம் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமிலிருந்து கப்பலில் வந்தது. பித்தளைச் சக்கரங்களை அரத்தால் ராவிச் சீராக்கியதில் தொழில் பழகவந்த பெடியன்களின் கையும் இருக்கும். ஆனால் முகப்பில் பட்டறைக்காரர் ஒருவரின் பெயர் மட்டும்தான்.

அப்படியான பெயர்களுக்குள் ஒன்று மட்டும் எங்களை நிறுத்தி யோசிக்க வைக்கிறது: பீற்றர் ஹில். 1767இல் நியூ ஜேர்சியில் அடிமையாகப் பிறந்த கறுப்பினத்தவர். தன்னை உடைமையாக வைத்திருந்த மணிக்கூட்டுக்காரர் ஜோசப் ஹொலின்ஸ்ஹெட்டிடமே தொழில் பழகினார். 1790களில் விடுதலை கிடைத்தது. பிறகு பேர்லிங்டன் ஊரில் சொந்தக் கடை போட்டார். அவர் செய்தவற்றில் மிஞ்சியிருப்பவை ஒரு சில மட்டுமே. அதில் ஒன்று வாஷிங்டனில், அமெரிக்க வரலாற்றுத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவர் தன் பெயரை எழுதியதை வில்லார்ட் எழுதியதோடு ஒன்றாக வைத்துப் பார்க்க எங்களால் முடியவில்லை. விடுதலைக்கு முந்திய வருசங்களில் அவர் கைபட்ட சக்கரங்கள் எத்தனை மணிக்கூடுகளுக்குள் ஓடியிருக்கும்? அவற்றின் முகப்பில் ஆருடைய பெயர் இருந்திருக்கும்?

ஆகவே நாங்கள் கேட்பது சின்ன விசயம். காட்சிக்கு வைக்கிறவர்கள் விளக்க அட்டையில் 'செய்தவர் இன்னார்' எண்டு ஒற்றைப் பெயரோடு முடிக்காமல், 'பெட்டி செய்த தச்சர், சக்கரம் ராவிய உதவியாட்கள்: பெயர் தெரியாது' எண்டு இன்னொரு வரியும் எழுதட்டும். அந்த ஒரு வரியால் வில்லார்டுக்கு என்ன குறைஞ்சா போகும்?