தனுஷ்கோடி வேடிக்கைப் பொருள் அல்ல

கோடை விடுமுறை விட்டால் போதும், திருச்செங்கோட்டிலிருந்து ராமேஸ்வரத்துக்கு வேன்கள் கிளம்பிவிடும். தறிக்காரர், லாரிக்காரர், ரிக் வண்டி வைத்திருப்பவர் என்ற வித்தியாசம் இதில் இல்லை. இரவு ஏறினால் விடிந்ததும் அக்னி தீர்த்தம். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, ராமநாதசுவாமியைத் தரிசித்துவிட்டு, மதியத்துக்குள் தனுஷ்கோடி. அரிச்சல்முனையில் கடலை முதுகுக்குப் பின்னால் வைத்து ஒரு படம், இடிந்த தேவாலயத்தின் முன்னால் ஒரு படம், கட்டுச்சோறு, பிறகு ஊர் திரும்பல். பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்றைப் பார்த்தாயிற்று என்ற கணக்கோடு நம் வேலை முடிந்துவிடுகிறது.

அங்கே நாம் நடந்துகொள்ளும் முறை தவறு. அப்படி நடந்துகொள்ள வழி அமைத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் அரசின் தவறு அதைவிடப் பெரிது.

தனுஷ்கோடி ஒரு காலத்தில் நாட்டின் வாசல். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு, சென்னையில் ரயில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் சேர்ந்து, அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்புக்குப் போனார். ரயில் நிலையம், தபால் நிலையம், சுங்க அலுவலகம், பள்ளி, கோயில், தேவாலயம் என எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு புயல் அடித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில், நிலையத்தை நெருங்கும்போது அலையில் மூழ்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் பிழைத்தவர் இல்லை. ஊரில் எத்தனை பேர் போனார்கள் என்பதற்கு இன்றுவரை மதிப்பீடுதான் உண்டு, சரியான எண்ணிக்கை கிடையாது. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. நாம் படம் எடுத்துக்கொள்ளும் சுவர்கள் அந்த இரவில் மிஞ்சியவை.

வாழத் தகுதியற்றது என்று அரசு சொன்ன பிறகும் மீனவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். கடல் அங்கே இருக்கும்போது அவர்கள் வேறெங்கே போவார்கள்? ஆளில்லாத பேய் நகரம் என்று விளம்பரம் செய்கிறவர்களின் கண்ணுக்கு மட்டும் அந்தக் கீற்றுக் குடிசைகள் தெரிவதில்லை. 2017-இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைவரை சுமார் ஒன்பதரை கிலோமீட்டர் தார்ச்சாலை திறக்கப்பட்டது. அன்று அந்தக் குடிசைகளுக்கு மின்சாரம் இல்லை. அரை நூற்றாண்டாக அங்கேயே கிடந்தவனுக்கு ஒரு மின்கம்பம் நட முடியாத அரசு, அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டுப் போகிறவனுக்குக் கடல்வரை ரோடு போட்டது. வாழத் தகுதியில்லாத இடம், வேடிக்கை பார்க்க மட்டும் தகுதியானது எப்படி? சாலை போட்டது குற்றமல்ல. யாரை முதலில் நினைத்துப் போட்டார்கள் என்பதில்தான் குற்றம்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ளத் திருச்செங்கோட்டுக்காரரைவிடத் தகுதியானவர் நாட்டில் இல்லை. இந்தியா முழுக்கப் போர்வெல் போட்டவை நம் ரிக் வண்டிகள். ஆயிரம் அடி இறங்கியும் புழுதி பறந்த கதை நமக்குத் தெரியும். தனுஷ்கோடியில் கடலுக்குச் சில அடி தள்ளி, பெண்கள் மணலைக் கையால் தோண்டுகிறார்கள். முழங்கை ஆழத்தில் தண்ணீர் ஊறுகிறது. மணல் கலங்காமல் சிரட்டையாலோ கிண்ணத்தாலோ மெல்ல மொண்டு, துணியில் வடித்துக் குடத்தை நிரப்புகிறார்கள். குடித்தால் உப்பே தெரியாது.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. மணலில் இறங்கிய மழைநீர், கனமான கடல்நீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் அந்த நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு உப்பு ஏறாமல் தாங்கும் என்பது நிலத்தடி நீரியலின் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் அடியிலிருந்து நாற்பது அடிக்கு உப்பு எழும் என்பதும் அதே கணக்குதான். சிரட்டை அந்த அடுக்கைக் கலைக்காது. மோட்டார் கலைத்துவிடும். சுற்றுலாவை நம்பித் தீவில் எழும் ஒவ்வொரு விடுதியும் குளியலறைக்கும் சலவைக்கும் எங்கிருந்து தண்ணீர் எடுக்கிறது? கடலோர ஒழுங்காற்று மண்டல விதிகள் நிலத்தடி நீரெடுப்பை 1991-லிருந்தே கட்டுப்படுத்துகின்றன. விதியை ஏட்டில் வைத்துவிட்டு விடுதிக்கு அனுமதி கொடுப்பது, அந்தப் பெண்களின் குடத்தைப் பிடுங்குவதற்குச் சமம்.

நம் பக்கக் கணக்கையும் பார்த்துவிடுவோம். உடுத்திக் குளித்த பழைய துணியைக் கடலில் விட்டால் பாவம் தொலையும் என்று யாரோ சொன்னதை நம்பி, மூட்டை மூட்டையாக விட்டுவிட்டு வருகிறோம். அது மீனவரின் வலையில் போய்ச் சிக்குகிறது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஆனாலும் டம்ளரும் தட்டும் வேனில் கட்டுக்கட்டாகப் போகின்றன, திரும்பி வருவதில்லை. பவளக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய தேவாலயச் சுவரில் பெயரைக் கீறிவிட்டு வருகிறோம். அந்தக் கடற்கரையில் ஆமைகள் முட்டையிட வருகின்றன. பூநாரைகள் வந்திறங்கும் நீர்நிலைகளைத் தமிழக அரசு 2025 ஜூன் 5 அன்று சரணாலயமாக அறிவித்தது. அறிவித்தது நல்ல காரியம். ஆனால் ஹாரன் அடித்துக்கொண்டும் டிரோன் பறக்கவிட்டுக்கொண்டும் கூட்டம் அலைந்தால், சரணாலயம் என்பது பெயர்ப் பலகையோடு நின்றுவிடும்.

சுற்றுலாவால் அங்குள்ளவர்களுக்கு நாலு காசு கிடைக்கிறதே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். மீன் வறுத்து விற்பவரும் சிப்பி மாலை கோத்து விற்பவரும் நம்மை நம்பித்தான் கடை விரிக்கிறார்கள். அதனால்தான் போகாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பெருங்காசு அந்தக் கடைகளுக்குப் போவதில்லை. அது விடுதிக்கும் வண்டிக்கும் போகிறது. மாலையானால் வெளியூர் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். நாம் விட்டுவந்த குப்பை மட்டும் அங்குள்ளவர்களோடு தங்குகிறது.

நம் திருச்செங்கோட்டு மலையை எடுத்துக்கொள்வோம். படியேறும் வழியில் பாறையில் செதுக்கிய அறுபதடி நாகத்துக்குக் குங்குமம் தூவிக் கும்பிடுகிறோம். அதன் மேல் யாராவது செருப்புக் காலோடு ஏறி நின்று படம் எடுத்தால் சும்மா இருப்போமா? அறுபதாம்படியில் நின்று யாரும் பொய் சொல்லத் துணியமாட்டார்கள் என்பது நம் ஊரின் பெருமை. நம் ஊர்ப் பாறைக்கு ஒரு மரியாதை, நூற்றுக்கணக்கானோர் செத்துப்போன மணலுக்கு வேறொரு மரியாதை என்றால், அது பக்தியில் சேராது. நம் ஊர் என்ற பற்றுதான் அது.

அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. தனுஷ்கோடியில் குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மின்சாரமும் குடிநீரும் கிடைப்பதை உறுதிசெய்த பிறகே அங்கே அடுத்த சுற்றுலாத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்க வேண்டும். தனி வண்டிகளை ராமேஸ்வரத்திலேயே நிறுத்தி, அரிச்சல்முனைக்கு அரசுப் பேருந்து மட்டும் விட வேண்டும். நுழைவுக் கட்டணம் வாங்கினால், அதில் ஒரு பங்கு அந்த மீனவர்களுக்கே சேர வேண்டும். தீவின் விடுதிகள் எங்கிருந்து எவ்வளவு தண்ணீர் எடுக்கின்றன என்று கணக்கெடுத்து, அதை ஊர் அறிய வெளியிட வேண்டும். இடிந்த சுவர்களுக்கு வேலியும் காவலும் வேண்டும். 1964-இல் இறந்தவர்களின் பெயர்களை, தெரிந்தவரையிலாவது, வருகிறவர் கண்ணில் படும் இடத்தில் பொறிக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவற்றுக்கு அரசாணை தேவையில்லை. வேன் ஏற்பாடு செய்கிறவர்கள் எவர்சில்வர் தட்டும் தண்ணீர்க் கேனும் ஏற்றிக்கொள்ளுங்கள். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள். பழைய துணியைக் கடலில் விடாதீர்கள். சாப்பாட்டை அங்கே குடியிருப்பவரிடம் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுங்கள். இடிந்த சுவர் முன்னால் நிற்கும்போது, அங்கே என்ன நடந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இவ்வளவும் முடியாது என்பவர்கள் தனுஷ்கோடிக்குப் போகாமல் இருப்பதே அந்த ஊருக்குச் செய்யும் உதவி.