ஹார்வர்டின் மஞ்சள் பூச்சுக்கு அடியில்

ஹார்வர்ட் பயிற்சி விமானம் ஒன்றைச் சீரமைக்கும்போது முதல் நாளே முடிவு செய்ய வேண்டியது, அது இனிப் பறக்குமா, காட்சிக்கு நிற்குமா என்பதுதான். பறக்கப்போகும் விமானத்தில் ஐயத்துக்குரிய பாகம் எதையும் விட்டுவைக்க முடியாது. காட்சி விமானத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விரிசல் விட்ட தகடும் தன் எடையைத் தாங்கினால் அதே இடத்தில் இருக்கலாம். ஆனாலும் காட்சி விமானத்துக்கும் பறக்கும் விமானத்தின் பட்டறை வழக்கமே பல சமயம் பின்பற்றப்படுகிறது. மூலப் பாகங்கள் பழைய இரும்போடு போய்விடுகின்றன. எஞ்சுவது பளபளக்கும் புது விமானம்.

நார்த் அமெரிக்கன் நிறுவனத்தின் என்ஏ-16, 1935 ஏப்ரல் 1 அன்று முதலில் பறந்தது. அதன் வழிவந்த டெக்சன், ஹார்வர்ட் வகைகள் 15,000க்கு மேல் கட்டப்பட்டன. 1939 டிசம்பர் 17 அன்று கையெழுத்தான காமன்வெல்த் விமானப் பயிற்சித் திட்டத்தின்கீழ் கனடாவில் 1,31,553 பேர் பயிற்சி பெற்றார்கள். அவர்களில் ஏராளமான விமானிகளுக்கு ஹார்வர்ட்தான் போர் விமானத்துக்கு முந்தைய கடைசிப் படி.

பயிற்சி விமானத்தின் வரலாறு பெரும்பாலும் அதன் பூச்சில்தான் இருக்கிறது. விலாத் தகட்டின் மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு, ஈரமாக்கிய உப்புத்தாளால் படிப்படியாகத் தேய்த்தால் பூச்சு அடுக்குகள் மரத்தின் வளையங்களைப்போல் வெளிவரும்: மேலே பிற்கால மஞ்சள், அதற்கடியில் பழைய மஞ்சள், இரண்டுக்கும் நடுவே மூடப்பட்ட ஓர் எண்ணின் விளிம்பு, அடியில் பச்சை கலந்த துத்தநாகக் குரோமேட். எந்தப் பள்ளியில், எந்த எண்ணோடு அது பறந்தது என்பதை ஆவணம் தொலைந்த பிறகும் இந்தச் சின்னச் சதுரம் சொல்லிவிடக்கூடும். குரோமேட் புற்றுநோய் விளைவிப்பது. அதை உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது.

எந்தக் காலத்துக் கோலத்தைக் காட்டுவது என்பதற்கும் விமானமே சான்று தர வேண்டும். கனடியன் கார் அண்ட் ஃபவுண்டரி 1951 முதல் கட்டிய ஹார்வர்ட் 4க்கு இரண்டாம் உலகப்போர்க் குறிகளைத் தீட்டுவது பொய். கனடிய விமானப்படையின் வட்டச் சின்னத்தில் மேப்பிள் இலை வந்தது 1946இல். அந்த விமானத்துக்கு உரியது அதுதான். ‘டோரா! டோரா! டோரா!’ (1970) படத்துக்காக ஜப்பானிய ஜீரோவாக மாற்றப்பட்ட விமானங்களும் உண்டு. அத்தகைய ஒன்று கைக்கு வந்தால் அந்த மாற்றமும் அதன் வாழ்க்கையில் ஒரு பகுதியே.

அரிப்பை நீக்கும்போது அவசரம் ஆகாது. அலுமினியக் கலவைத் தகட்டின் மேல் தூய அலுமினியப் படலம் ஒன்று ஒட்டியிருக்கும். மெல்லிய தகடுகளில் அது ஒரு பக்கத்துக்குக் கனத்தில் சுமார் 5 சதவீதம்தான். மணல் வீச்சு அதையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விடும்; அதன் பிறகு அரிப்பு முன்னைவிட வேகமாகத் தொடங்கும். வெளி இறக்கை நடுப்பகுதியோடு போல்ட்டுகளால் சேரும் இடுக்கில் ஈரம் தங்கும். முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. சுக்கான் போன்ற துணி போர்த்திய பரப்புகளில் துணி நைந்திருந்தால் மாற்றலாம். ஆனால் கழற்றிய துணியைத் தையலும் முத்திரையும் கலையாமல் தனியே வைத்துக் காக்க வேண்டும். அதில் நைட்ரேட் பூச்சு இருந்தால் எளிதில் தீப்பிடிக்கும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

கருவிப் பலகையின் எண்கள் இப்போது இருட்டில் ஒளிராமல் இருக்கலாம். மங்கியது ஒளிரும் துத்தநாக சல்ஃபைடு மட்டுமே. உள்ளிருக்கும் ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். கதிர்வீச்சு கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. அந்தக் கருவிகளைத் திறக்காமல், அளந்து, பெயரிட்டு, மூடிய கண்ணாடியோடு வைப்பதே முறை.

ஒன்பது சிலிண்டர் கொண்ட 600 குதிரைத்திறன் வாஸ்ப் எஞ்சினைக் கையால் சுற்றும் முன் அடிச் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, தேங்கிய எண்ணெயை வடிக்க வேண்டும். இல்லாவிட்டால் இணைப்புத் தண்டு வளையும். பிறகு காப்பு எண்ணெய் தெளித்து, பிளக் துளைகளை ஈரம் உறிஞ்சும் அடைப்பான்களால் மூடலாம். கடைசியாக, டயர் தட்டையாகாதபடி எடையை முட்டுகளுக்கு மாற்ற வேண்டும். புதிதாகச் சேர்த்த ஒவ்வொரு பாகத்தின் உட்புறத்திலும் ஆண்டைப் பொறித்து, அதே ஆண்டைக் கோப்பிலும் எழுதிவைக்க வேண்டும்.