வைரத்துக்கு மை பூசினால் வடிவமைப்பு ஆகிவிடுமா?

மென்பொருள் வடிவமைப்பை வரைந்து காட்டும் குறியீட்டு மொழியான யூஎம்எல்லின் 14 வகை வரைபடங்களையும் மாணவர் முதலில் கற்கட்டும், குறியீடே தெரியாதவர் மென்பொருளை எப்படி வடிவமைப்பார் என்கிறார்கள் ஆசிரியர்கள் சிலர். பொதுவான குறியீடு வேண்டும் என்ற அளவில் அதில் நியாயம் உண்டு. அதோடு சரி. மறுக்க மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று: யூஎம்எல் யாருக்காக உருவானது? கிரேடி பூச், ஜேம்ஸ் ரம்பா, இவார் ஜேக்கப்சன் மூவரும் தத்தம் முறைகளை இணைத்தார்கள், 1997இல் தரநிலையானது. வடிவமைக்கத் தெரிந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வந்த மொழி.

இரண்டு: ஒன்று மற்றொன்றின் பகுதி என்று காட்டும் கோட்டின் நுனியில் வரையும் வெற்று வைரத்துக்கும் மை நிரப்பிய வைரத்துக்கும் வேறுபாடு கேட்டுத் தேர்வில் மதிப்பெண் போடுகிறார்கள். வெற்று வைரத்தின் துல்லியமான பொருள் துறைக்குத் துறை, ஆளுக்கு ஆள் மாறும் என்று தரநிலை ஆவணமே கைவிரித்துவிட்டது. பிறகு எதை வைத்துத் திருத்துகிறார்கள்?

மூன்றாவதுதான் முக்கியம். நூலக மென்பொருள் என்றதும் மாணவர் 'புத்தகம்' என்று ஒரு கட்டம் (கிளாஸ்) போடுவார். உள்ளே தலைப்பு, ஆசிரியர், 'இரவலில் உள்ளதா?'. கோடுகள் எல்லாம் கச்சிதம். ஒரே நூலுக்கு மூன்று பிரதிகள் இருந்து, ஒன்று மட்டும் வெளியே போயிருந்தால்? கட்டம் முழிக்கும். நூல் வேறு, பிரதி வேறு என்று பிரிக்கத் தெரிவதுதான் மாடலிங். அதற்கு எந்த அம்புக்குறி உதவும்?

கென்ட் பெக்கும் வார்ட் கன்னிங்காமும் 1989லேயே சாதாரண அட்டைகளை வைத்துக் கற்பிக்கும் வழியைக் காட்டினார்கள்: கிளாஸின் பெயர், அதன் பொறுப்பு, அது யார் உதவியை நாடும். அவ்வளவுதான். ஆளுக்கொரு அட்டையை ஏந்தி இந்த நூலகத்தை நடித்துப் பார்த்தால், அதே நூலைக் கேட்டு இரண்டாவது வாசகர் வந்து நிற்கும்போதே 'பிரதி'க்கு அட்டை இல்லாதது தெரிந்துவிடும். வரைபடம் அதன் பிறகு வரட்டும். முதல் பருவத்துக்கு இரண்டு வகை வரைபடங்களே தாராளம்.